நிகழ்விடத்திலேயே

என் தம்பி வலி தெரியாமல் போய்ச் சேர்ந்தான் என்றுதான் எங்கள் வீட்டில் நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கைக்கு அச்சில் ஓர் ஆதாரமும் இருந்தது. நாளிதழிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டு. விரல் நீளம்கூட இராது, மொத்தம் ஆறு வரி. அம்மா அதை எங்கள் ரேஷன் அட்டை வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள், அட்டைக்குப் பின்புறமாகச் செருகி வைத்திருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆண்டுக்கொரு முறை, தம்பி இறந்த நாளில் படையல் போட்டு முடித்ததும், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அந்த உறையை என்னிடம் நீட்டுவாள். நான் துண்டை உருவி வாசிப்பேன். "ஓசூர் அருகே நெடுஞ்சாலையில் சரக்கு லாரி மோதியதில், இருசக்கர வாகனத்தில் சென்ற தனியார் நிறுவன ஊழியர் நிகழ்விடத்திலேயே உயிரிழந்தார்." இந்த முதல் வாக்கியம் முடிந்ததும் அம்மா உள்ளங்கையைச் சற்று உயர்த்துவாள். போதும் என்று பொருள். அதற்குப் பிறகு அவன் பெயரும் வயதும் வரும், சிங்காரப்பேட்டை என்று எங்கள் ஊர் வரும், காவல் துறையினர் விசாரித்து வருகின்றனர் என்று முடியும். பதினேழு ஆண்டுகளில் ஒரு முறைகூட அம்மா அந்த மீதியைக் கேட்டிருக்கவில்லை.

அந்த ஆறு வரிகளை எழுதியவர் என் கணவர். ஒரு தமிழ் நாளிதழுக்கு ஓசூர் நிருபராக இருந்தார். கெலமங்கலத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் தெலுங்கும் கன்னடமும் அவருக்குத் தமிழைப் போலவே வரும். மூன்று மொழிகளில் விசாரித்துவிட்டு வந்து ஒரு மொழியில் எழுதுவார். நான் மத்திகிரியில் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. கால்நடைப் பண்ணைக்குப் பின்புறத் தெருவில் எங்கள் வீடு. எங்களுக்குக் குழந்தை இல்லை. தொழிற்சாலை வேலைக்காக ஓசூருக்கு வந்த என் தம்பி எங்களோடுதான் தங்கியிருந்தான். அப்பா காலமான பின் அம்மாவும் மாதக்கணக்கில் வந்து இருப்பாள். மாலை வேளைகளில் எங்கள் கூடத்தில் தொலைபேசி அடிக்காத நாளே இல்லை. கணவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டே, "ஒரு ஸ்பாட் இருக்கு, வந்துடறேன்" என்பார். எங்கள் மணவாழ்க்கையில் நான் மிகுதியாகக் கேட்ட வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஸ்பாட் என்ற அந்தச் சொல் அவர் தொழிலில் இல்லாத இடமே இல்லை. விபத்து நடந்த இடம் ஸ்பாட். அங்கிருந்து மற்றவர்களை முந்திக்கொண்டு அனுப்பினால் அது ஸ்பாட் நியூஸ். தலைக்கவசம் அணியாதவரை நிறுத்தி அங்கேயே ரசீது போட்டால் ஸ்பாட் ஃபைன். கல்லூரியில் நிரம்பாமல் கிடக்கும் இடங்களுக்கு ஸ்பாட் அட்மிஷன். விடுமுறை நாளில் செய்திப் பஞ்சம் வந்து அணைக்கட்டுப் பூங்காவைப் பற்றி எழுதினால் அது டூரிஸ்ட் ஸ்பாட். நெடுஞ்சாலையில் அடிக்கடி ஆள் சாகும் வளைவு பிளாக் ஸ்பாட். பேச்சில் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வார். எழுத்துக்குள் மட்டும் அந்தச் சொல்லை வரவிடமாட்டார். "இங்கிலீஷ்காரனுக்கு ஒண்ணே ஒண்ணு போதும். நமக்கு ஒவ்வொரு தடவையும் வேற வேற தேட வேண்டியிருக்கு" என்று சலித்துக்கொள்வார். சலிப்பில் ஒரு சந்தோஷமும் இருக்கும். நான் அடுப்படியில் இருந்தாலும் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாலும் கூடத்திலிருந்து கேள்வி வரும். சுற்றுலாத் தலம், உடனடி அபராதம், நேரடிச் சேர்க்கை என்று நான் இருந்த இடத்திலிருந்தே சொல்வேன். பிளாக் ஸ்பாட்டுக்கு மட்டும் ஒரு வாரம் பேசினோம். நான் சொன்ன எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் 'அடிக்கடி விபத்து நடக்கும் வளைவு' என்று நீட்டியே எழுதிவிட்டார்.

சாவுச் செய்திகளில் எல்லாரும் 'சம்பவ இடத்திலேயே' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அது எனக்கு உவப்பாக இல்லை. நிகழ்விடம் என்று எழுதலாமே என்றேன். மறுநாளே எழுதினார். சில வாரங்களில் அவர்கள் பதிப்பு முழுவதும் அந்தச் சொல் பரவிவிட்டது. காலையில் நாளிதழை மடித்து என் தட்டருகே வைத்து, "நீ குடுத்த சொல்லு இன்னிக்கு ரெண்டு எடத்துல வந்திருக்கு, பாரு" என்பார். நான் பார்ப்பேன். இரண்டு இடம் என்றால் இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சொல் அழகாக உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

என் தம்பிக்கு இவையெல்லாம் வேடிக்கை. கார்களுக்குக் கதவுச் சட்டம் செய்து தரும் ஒரு சிறு தொழிற்சாலையில், ஸ்பாட் வெல்டிங் பகுதியில் அவனுக்கு வேலை. முழங்கை வரை தீப்பொறி தெறித்த தழும்புகள் கடுகு போல இருக்கும். "மாமா, உங்க பேப்பர்ல ஸ்பாட்டுன்னா ஆளு காலி. எங்க கம்பெனியில ஸ்பாட்டுன்னா ரெண்டு தகடு ஒண்ணாச் சேருது. எது நல்ல வேலைன்னு நீங்களே சொல்லுங்க" என்பான். "உன் தகடு பெங்களூர் போய்ச் சேர்றதுக்குள்ள என் பேப்பர் மூணு ஜில்லா சுத்திடும், போடா" என்பார் இவர். அம்மா இருவருக்கும் நடுவே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு, யார் பேசினாலும் அவர் பக்கமே சிரிப்பாள்.

நிருபர் செய்தியைத் தொலைபேசியில் சொன்னதும் பதிப்பு அலுவலகத்தில் எழுதிக்கொள்பவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு. "ஸ்பாட்டா, ஆஸ்பத்திரியா?" இறந்தது எங்கே என்பதுதான் கேள்வி. ஆஸ்பத்திரி என்று சொன்னால் வேலை வளரும். எந்த மருத்துவமனை, சேர்த்த பிறகா அதற்கு முன்பா, எத்தனை மணிக்கு என்று நான்கு கேள்விகள் அடுத்தடுத்து வரும். ஸ்பாட் என்று சொல்லிவிட்டால் மறுகேள்வி இல்லை; எழுதி வைத்த அச்சு போல அந்த வரி தானே விழுந்துவிடும். பக்கம் முடிக்கும் அவசரத்தில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஸ்பாட் என்று சொல்லிவிடும் வழக்கம் நிருபர்களிடம் இருந்தது. என் கணவரும் அதற்கு விலக்கில்லை. ஒருநாள், மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு இறந்த ஒருவரை அப்படி எழுதியிருந்தது எனக்குத் தெரிந்து கேட்டேன். "வீட்டுல இருக்கறவங்களுக்கும் அதுதான் நல்லது. கஷ்டப்படாமப் போயிட்டாருன்னு நெனைச்சுக்குவாங்க. சீக்கிரம் கொண்டுபோயிருந்தாப் பொழைச்சிருப்பாருன்னு ஒருத்தர ஒருத்தர் குத்திக்காட்ட மாட்டாங்க" என்றார். நான் அதை ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்டதோடு, நல்ல மனம் படைத்தவர் என்றும் எண்ணிக்கொண்டேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தம்பி இறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஓசூரில் யாருக்கு உடம்பு மோசமானாலும் பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சொல்வது ஒன்றுதான்: பெங்களூர் கொண்டுபோயிடுங்க. எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் உயிர் நிற்கும் என்பது இங்கே எல்லாருக்கும் ஊறிப்போன எண்ணம். என் கணவரும் அம்மாவை வாடகைக் காரில் படுக்கவைத்து நேரே பெங்களூர் போனார். அம்மா பிழைத்தாள். அன்றுமுதல் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "மாப்பிள்ளை யோசிக்காம பெங்களூர் ஓட்டிட்டுப் போனாரு. அதனாலதான் இன்னிக்கு உங்ககூட உக்காந்து பேசறேன்" என்பாள். அவர் கூச்சத்தோடு எழுந்து வெளியே போய்விடுவார்.

தம்பி இறந்த அன்று நான் பள்ளியில் இருந்தேன். கடைசிப் பாடவேளைக்குப் பின் தலைமையாசிரியை என்னைத் தன் அறைக்கு அழைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குப் போகும்படி சொன்னார். எதற்கென்று சொல்லவில்லை. போனபோது என் கணவர் வாசல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். லாரி மோதித் தம்பி போய்விட்டான் என்று அவர்தான் சொன்னார். சட்டையின் முன்புறம் மடி வரைக்கும் ஒரே கறை, காய்ந்து பழுப்பாகியிருந்தது. ஸ்பாட்டுக்குப் போன இடத்தில் தம்பியைத் தூக்கியிருக்கிறார், அதனால் என்று எண்ணினேன். மனத்தில் வேறொன்றும் ஓடவில்லை. அந்தக் கறையை எந்தத் தண்ணீரில் அலசுவது என்று யோசித்தது நினைவிருக்கிறது.

மாலை ஆறரை இருக்கும். வீடு நிறைய ஆட்கள். தொலைபேசி அடித்தது. யாரும் எடுக்காததால் அவரே போய் எடுத்தார். பதிப்பு அலுவலகத்திலிருந்து வழக்கமான அழைப்பு. இறந்தது யாரென்று அவர்களுக்குத் தெரியாது. நெடுஞ்சாலை விபத்து என்று மட்டும் வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் நின்றபடியே சொல்லத் தொடங்கினார். தம்பியின் பெயரைச் சொன்னார், எழுத்தைப் பிரித்துச் சொன்னார், வயதைச் சொன்னார். பிறகு ஓர் இடைவெளி. மறுமுனையில் கேட்கப்பட்ட கேள்வி எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஸ்பாட்" என்றார். ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பியபோது அம்மா அறை வாசலில் நின்றிருந்தாள். அத்தனை ஆண்டுகள் அந்தக் கூடத்தில் இருந்ததில் அந்தச் சொல்லின் இந்த ஒரு பொருள் அவளுக்கும் பழகியிருந்தது.

"அப்போ வலிச்சிருக்காதில்ல, மாப்பிள்ளை?"

"இல்ல, அத்த. வலிக்கல."

அம்மா தலையசைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அழுகை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

அதன் பிறகு வந்த ஆண்டுகளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அம்மா எங்களோடேயே தங்கிவிட்டாள். தம்பியின் பைக் சாவி, தொழிற்சாலை முத்திரை பதித்த தகட்டு வில்லையோடு, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. விபத்து நடந்த மறுநாளே என் கணவர் எங்கோ போய் அந்தச் சாவியைக் கொண்டுவந்து மாட்டினார். வண்டி நொறுங்கிப்போன பிறகு சாவி எதற்கு என்று யாரோ உறவினர் கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்றார். ஆண்டுதோறும் படையல் நாளில் அவர் வீட்டில் இருந்ததில்லை. இலை போடும்போது இருப்பார்; அம்மா உறையை எடுக்க எழுந்தால், "ஒரு ஸ்பாட் இருக்கு" என்று செருப்பை மாட்டுவார். தொலைபேசி அடித்திருக்காது. அதை நான் கவனிக்காமல் இல்லை. தான் எழுதியதைத் தன் காதால் கேட்க முடியாத துக்கம் என்று வைத்துக்கொண்டேன்.

சென்ற ஆண்டு அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. பெங்களூர் போகலாம் என்று நான் சொன்னபோது வேண்டாம் என்று கையசைத்தார். ஓசூரிலேயே பார்த்தோம். பன்னிரண்டு நாள் இருந்தார். அவருக்குப் பின் வந்த இளம் நிருபர் எனக்குத் தொலைபேசியில் ஆறுதல் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்க மேடம், வீட்டுலயா, ஆஸ்பத்திரியிலயா?" என்று கேட்டார். நான் மருத்துவமனையில் என்றேன். நேரத்தையும் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

காரியங்கள் முடிந்து ஒரு மாதம் கழித்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். விபத்தோ தீயோ எதுவானாலும் முதலில் என் கணவருக்குத் தகவல் சொல்பவர் அவர்தான் என்று எனக்குத் தெரியும். தொலைபேசியில் குரல் பழக்கமே தவிர, வீட்டுக்குள் வந்ததில்லை. அம்மா பின்கட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "சாரு போனப்ப நான் ஊர்ல இல்லீங்க டீச்சரம்மா. ஆனேக்கல்ல பொண்ணு வீட்டுல இருந்தேன். சேதி தெரிஞ்சும் வர முடியல" என்றார். கொஞ்ச நேரம் பொதுவாகப் பேசினார். பிறகு, "அவரு மாதிரி ஒரு மனுசன் வராதுங்க. உங்க தம்பி கைய அத்திப்பள்ளி வரைக்கும் விடலையே" என்றார்.

நான், "அத்திப்பள்ளியா?" என்றேன். அது எல்லையைத் தாண்டி, பெங்களூர் போகும் வழியில் இருக்கிற ஊர்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சாரு சொல்லலீங்களா?"

"சொல்லியிருக்கார். நீங்களும் சொல்லுங்க" என்றேன். பொய்தான். அவ்வளவு எளிதாக வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அவர் சொன்னதை வரிசையாக எழுதுகிறேன். லாரி மோதியபோது அவர் நூறடி தள்ளி நின்றிருந்தார். என் கணவருக்குப் போன் செய்தார். ஸ்பாட் என்ற அளவில் கிளம்பி வந்த என் கணவர், கூட்டத்தை விலக்கிப் பார்த்தபோதுதான் கிடப்பவன் யாரென்று அறிந்தார். தம்பிக்கு நினைவு இருந்தது. இருவருமாகத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். "நான்தான் கேட்டேங்க, ஜி.எச். போயிடலாமா சார், அஞ்சு நிமிசம்னு. 'வேண்டாம்ப்பா, பெங்களூர் போயிடு, எங்க அத்தைய அங்கதான் பொழைக்க வெச்சாங்க'ன்னாரு. நானும் அதுதான் சரின்னு நெனைச்சேன், பொய் சொல்லக் கூடாது." தம்பி பேசிக்கொண்டு வந்திருக்கிறான். வண்டியிலேயே சாவி இருக்கிறது, யாராவது ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுதான் அவன் கவலை. "'மாமா, சாவி, மாமா, சாவி'ன்னு அதையே சொன்னான். 'நான் போய் எடுத்துக்கறேன்டா, நீ பேசாம வா'ன்னாரு சாரு."

எல்லைக்கு இந்தப் பக்கம் ஜூஜூவாடியில் போக்குவரத்து நின்றுவிட்டது. சோதனைச்சாவடி வரைக்கும் லாரிகள். "நின்னது நின்னதுதாங்க. சாரு எறங்கி ஓடறாரு. ஒருத்தன்கிட்ட கன்னடத்துல கெஞ்சறாரு, ஒருத்தன தெலுங்குல திட்டறாரு, திரும்பி ஓடி வந்து தம்பி தலைய மடியில வெச்சுக்கறாரு. அர மணி நேரம் இருக்கும். வண்டி கொஞ்சம் நகர ஆரம்பிச்சப்ப சாரு சொன்னாரு, 'மெதுவாப் போப்பா, அவசரம் இல்ல'ன்னு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. திரும்பலாம்னா நடுவுல வழி இல்லீங்க. அத்திப்பள்ளி போய்த்தான் திரும்பினோம். எந்த எடத்துல உசுரு போச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாதுங்க. நம்ம பக்கமா, அந்தப் பக்கமான்னுகூடத் தெரியாது." அரசு மருத்துவமனை வாசலில் இறக்கியபோது என் கணவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம்.

"வலி இருந்துச்சா?" என்றேன்.

அவர் காலி டம்ளரைக் கீழே வைத்தார். "இருந்துச்சுங்க, டீச்சரம்மா."

இன்னும் கொஞ்சம் காபி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். அம்மா எழுந்து யார் வந்தது என்று கேட்டாள். அவருக்குத் தெரிந்தவர் என்றேன். அன்று மாலை துவரம்பருப்பைக் குக்கரில் வைத்து, நான்கு விசிலுக்கும் பக்கத்திலேயே நின்றேன்.

மறுநாள் அவருடைய அலமாரியைத் திறந்தேன். தன் பெயரில்லாமல் வெளிவரும் சிறு செய்திகளையும் வெட்டி, ஆண்டுக்கொரு நீளமான நோட்டில் ஒட்டி வைப்பது அவர் பழக்கம். அவற்றை நான் ஒருபோதும் புரட்டியதில்லை. நாளிதழில் படித்தவைதானே என்றிருந்தேன். இப்போது முதல் நோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். ஓய்வு பெற்றுவிட்டதால் நேரம் இருந்தது. இரண்டு வாரங்கள் ஆயின. தொடக்கத்தில் பக்கத்துக்குப் பக்கம் சம்பவ இடத்திலேயே. பிறகு, நான் கொடுத்த சொல் வந்த பின், நிகழ்விடத்திலேயே. தம்பியின் செய்தி ஒட்டிய பக்கத்தைத் தாண்டியதும் நோட்டுகள் மாறிவிட்டன. அச்சில் அதே வரிதான். அலுவலகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். அவர் அந்த வரியை நீலப் பேனாவால் அடித்து, ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தார். 'ஆட்டோவில், ராயக்கோட்டை சாலையில்.' 'ஜி.எச்., 4.10. மனைவி அருகில்.' 'உள்ளே கொண்டுபோகும்போது.' சில இடங்களில் வரியை அடிக்காமல், 'சரிதான், விசாரித்தேன்' என்று மட்டும் இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த ஆண்டுகளின் மாலைகள் நினைவுக்கு வந்தன. ஸ்பாட்டா, ஆஸ்பத்திரியா என்ற கேள்விக்கு அவர், "விசாரிச்சுச் சொல்றேன்" என்று பதில் சொல்லத் தொடங்கியிருந்தார். பிரேதப் பரிசோதனைக் கூடத்து வாசலில் நின்றுவிட்டுத் தாமதமாக வருவார். மறுமுனையில் இருப்பவர் கத்துவது கூடம் வரை கேட்கும்: "யோவ், செத்தது எங்கன்னு கேக்க ஒரு மணி நேரமாய்யா? பக்கத்த முடிக்க வேணாமா?" இவர் பதில் பேசாமல் சொல்ல வேண்டியதைச் சொல்வார். மறுநாள் அது அச்சில் வராது. வராததை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், மாவட்டத்தில் செத்த அத்தனை பேருக்கும்.

தம்பியின் செய்தியும் அங்கே இருந்தது. அம்மாவின் உறையில் இருக்கும் அதே ஆறு வரி. வரி அடிக்கப்படவில்லை. ஓரம் வெறுமையாக இருந்தது.

அந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டு பல நாள் உட்கார்ந்திருந்தேன். அவர் எதை மறைத்தார் என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஐந்து நிமிடத்தில் இருந்த மருத்துவமனையைத் தாண்டிப் போகச் சொன்ன தன் முடிவை மறைத்தாரா? அப்படியென்றால் எங்களிடம் பொய் சொல்லிப் பிழைத்தவர். அல்லது, ஏன் பெங்களூர் என்று அம்மா கேட்டால், நீங்கள் அங்கே பிழைத்ததால்தான் என்று சொல்ல நேருமே, அதை மறைத்தாரா? தன்னைக் காப்பாற்றிய பயணமே மகனைக் கொண்டுபோனது என்று ஒரு தாய் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நினைத்தாரா? இரண்டும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. தொலைபேசியில் அதைச் சொல்ல ஒரு நொடிதான் அவருக்குக் கிடைத்தது. ஜி.எச். போயிருந்தால் தம்பி பிழைத்திருப்பானா என்பதும் எனக்குத் தெரியாது. அதைக் கேட்டுச் சொல்ல இப்போது யாரும் இல்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. அவர் சட்டையில் மடி வரைக்கும் இருந்த கறை மட்டும் அடிக்கடி கண்ணில் வந்தது. தரையில் கிடப்பவனைத் தூக்கினால் மார்பில்தான் கறை படும். மடியில் படுவதற்கு நெடுநேரம் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். அதை அன்றே நான் பார்த்தேன். படித்தவள், பார்த்தும் படிக்கவில்லை.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதுதான் மிஞ்சியது. ஒரு தாய்க்குத் தன் மகன் எப்படி இறந்தான் என்று அறிய உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. படையல் நாளில் உறையை நீட்டும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்றுகூட மனத்தில் எழுதிவிட்டேன். அதற்கு இரண்டு நாள் முன்பு எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்த பெண் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, கணவனுக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை. அம்மா அவளிடம், "எனக்கு இருபது வருசம் கூடுதலாக் கெடைச்சிருக்கு, கண்ணு. எங்க மாப்பிள்ளை யோசிக்காம பெங்களூர் ஓட்டிட்டுப் போனாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவரைப் பற்றிச் சொல்ல அவளுக்கு இப்போது மிஞ்சியிருக்கும் கதை அதுதான். ஒரு சொல்கூட மாறாமல் சொன்னாள்.

அன்றிரவு, தம்பியின் செய்தி ஒட்டிய பக்கத்தைத் திறந்து, அந்த வெற்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். 'ஆட்டோவில். ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே. மாமா மடியில்.' அவர் எழுதுவதைப் போலவே பொடி எழுத்தில் எழுத முயன்றேன். நோட்டை மூடி அலமாரியில் அதன் வரிசையில் வைத்தேன்.

படையல் நாளில் அம்மா வழக்கம்போல் இலை போட்டாள். தம்பிக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியலும் வடையும். இந்த முறை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப யாரும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு அம்மா உறையை நீட்டினாள். துண்டு நன்றாகப் பழுத்துவிட்டது. மடிப்பில் ஓர் எழுத்து தேய்ந்துபோயிருக்கிறது. எனக்கு அது தேவையில்லை. "ஓசூர் அருகே நெடுஞ்சாலையில்" என்று தொடங்கி, நிகழ்விடத்திலேயே உயிரிழந்தார் என்பது வரை, பதினேழு ஆண்டுகளாக வாசித்த அதே குரலில் வாசித்தேன். வாசித்து நிறுத்தினேன்.

அம்மா கையை உயர்த்தவில்லை. "மிச்சத்தயும் படி, பாப்பா. மாப்பிள்ளை எழுதினது முழுக்கக் கேக்கலாம்னு" என்றாள்.

மீதியையும் வாசித்தேன். தம்பியின் பெயர், வயது, எங்கள் ஊர், லாரி ஓட்டுநரைத் தேடுவது, விசாரணை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

துண்டை வாங்கித் தானே உறைக்குள், அட்டைக்குப் பின்னால் செருகினாள். அந்த அட்டையில் முன்பு நான்கு பெயர்கள் இருந்தன. இப்போது அம்மாவும் நானும் இருக்கிறோம்.